ஏழு நீல ரிபன்கள்

மக்டலீன் அக்கா வாரத்தில் ஐந்து நாள் பல் செய்வார். வருடத்தில் நாலைந்து சனிக்கிழமை குதிரைகளுக்குத் தீர்ப்புச் சொல்வார். இதைக் கேட்டதும் எங்கள் ஆட்கள் முதலில் கேட்பது, "ரேஸ் குதிரையோ?" என்றுதான். இல்லை, மேசையில் வைக்கிற ஒரு சாண் உயரக் குதிரை என்றதும் சிரிப்பார்கள். ஒருமுறை எங்கள் தமிழ்க் கடைகள் இருக்கிற மல்வேர்ன் பிளாசாவில் ஒருவர், "பிள்ளை குட்டி இல்லாத மனிசி, பொம்மையோட விளையாடுறா, விடுங்கோ" என்று என் முகத்துக்கு முன்னாலேயே சொன்னார். அவருக்கு நான் சொன்ன பதிலை அச்சில் போட முடியாது. இன்றைக்கும் என்னைக் கண்டால் அவர் மற்றப் பக்கத்தால் போகிறார்.

என் பெயர் இராஜேஸ்வரி. ஸ்காபரோவில் ஒரு டென்ரல் லாபில் பதினேழு வருடமாக அக்காவுக்குப் பக்கத்து மேசையில் வேலை செய்கிறேன். பல் டொக்ரர்மார் அனுப்பும் அச்சுக்கு ஏற்றபடி பல்லைச் செய்து, பக்கத்துப் பல்லோடு ஒத்துப்போக நிறம் தீட்டிக் கொடுப்பது எங்கள் தொழில். சும்மா வெள்ளை அடித்தால் பல் ஆகாது. ஒரு பல்லுக்குள்ளேயே சாம்பல், மஞ்சள், நீலம் எல்லாம் இருக்கிறது. அக்கா தன் மெல்லிய தூரிகையால் தொட்டு வைத்தால், எது முளைத்த பல், எது செய்த பல் என்று வாய்க்குச் சொந்தக்காரருக்கே தெரியாது.

இருபது வருடத்துக்கு முன் ஒரு பழைய சாமான் கடையில் கால் முறிந்த பிளாஸ்டிக் குதிரை ஒன்றை வாங்கியிருக்கிறார். ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டால், "கால் முறிஞ்சு கிடந்தது, அதான்" என்பார். லாபில் பல் செய்து மிஞ்சின அக்ரிலிக்கைக் கொண்டு கால் வைத்தார். வைத்த கால் மற்றக் காலின் நிறத்தோடு பொருந்தவில்லை. முழுக் குதிரைக்கும் நிறம் தீட்டினார். பிறகுதான் இந்த நாட்டில் இதற்கென்றே ஒரு கூட்டம் இருப்பது அவருக்குத் தெரியவந்தது. குதிரை செய்கிறவர்கள், சேர்க்கிறவர்கள், வருடத்தில் சில தடவை ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்துக் கூடுவார்கள். அக்கா முதலில் தன் குதிரைகளைக் கொண்டுபோனார். அவருடைய கண்ணைக் கண்டுவிட்டு, சில வருடத்தில் அவர்களே அவரை நடுவராக இருக்கச் சொன்னார்கள்.

நடைமுறை இதுதான். ஒலிபெருக்கியில் பிரிவைக் கூப்பிட்டதும் உரிமையாளர்கள் குதிரையைக் கொண்டுவந்து நீள மேசையில் வைத்துவிட்டுச் சுவரோரம் போய் நிற்க வேண்டும். குதிரையின் காலில் நூலால் கட்டிய சின்ன அட்டையில் இலக்கம் மட்டும் இருக்கும், ஆளின் பெயர் இருக்காது. நடுவரோடு ஒருவரும் கதைக்கக் கூடாது. தான் செய்த குதிரைக்கு மட்டுமல்ல, தன் கை ஒருநாள் திருத்திய குதிரைக்கும் நடுவர் தீர்ப்புச் சொல்லக் கூடாது. முதலாவதுக்குச் சிவப்பு ரிபன், இரண்டாவதுக்கு நீலம், மூன்றாவதுக்கு வெள்ளை. நான் அக்காவைக் காரில் கொண்டுபோகிறவள், பின்னாலேயே நடந்து இலக்கங்களை எழுதுகிறவளும் நான்தான்.

அக்கா முழந்தாளிட்டுத் தன் கண்ணைக் குதிரையின் கண்மட்டத்துக்குக் கொண்டுவருவார். சின்ன ரோர்ச் விளக்கு ஒன்றைப் பக்கவாட்டில் பிடிப்பார். "வடிவு கிடக்கட்டும், ராஜி. உந்தக் குதிரைக்கு உயிர் வந்தால் அது நடக்குமோ எண்டு முதல் பார்" என்பார். அப்படிப் பார்த்துப் பார்த்து எனக்கும் கொஞ்சம் பிடிபட்டது. இலக்கம் போட்டு ஆளை மறைத்தாலும் கையை மறைக்க முடியாது என்பதும் பிடிபட்டது. பிடரி மயிரை ஒருவர் கீறுகிற விதம், குளம்பில் ஒருவர் வெடிப்பு வைக்கிற விதம், கையெழுத்து மாதிரித்தான். அக்காவுக்கு மேசையில் இருக்கிற குதிரைகளில் முக்கால்வாசி யாருடையது என்று தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரித் தீர்ப்புச் சொல்ல வேண்டும், அதுதான் அந்த வேலையின் பாரம்.

கல்யாணியை நாங்கள் 2015-இல் இப்படியான மண்டபம் ஒன்றில்தான் கண்டோம். கோயம்புத்தூர்க்காரர், பிறம்ரன் நகரில் வீடு, கணினி வேலை. மற்றவர்கள் வாங்கின குதிரைக்கு நிறம் தீட்டுவார்கள். இவர் கம்பியை வளைத்து, காய்ந்தால் இறுகும் எபொக்சி மாவைப் பிசைந்து, ஒன்றுமில்லாததிலிருந்து குதிரையை உண்டாக்குகிறவர். அக்கா போய், "இது நீர் செய்ததோ?" என்று கேட்டார். கல்யாணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாடகத்துல ராஜா பேசுற மாதிரி இருக்குக்கா, இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் இருவரும் போனில் கதைத்தார்கள். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் பாதி விளங்காது. குதிரை விளங்கியது, அது போதுமாக இருந்தது.

அடுத்த வருடம் கல்யாணியின் குதிரை அக்காவின் மேசைக்கு வந்தது. சிவப்பு கொடுத்தார். சந்தேகமே இல்லை, அதற்குப் பக்கத்தில் வைக்க அன்றைக்கு வேறு குதிரை இருக்கவில்லை. மத்தியானம் கோப்பிக்கு வரிசையில் நிற்கும்போது பின்னால் நின்ற ஒரு பெண் தன் சிநேகிதிக்கு ஆங்கிலத்தில் சொன்னாள், "அவர்கள் இரண்டு பேரும் ஒரே ஆட்கள்தானே." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்கிற மாதிரிச் சொன்னாள். அக்கா கோப்பியை வாங்கினார், குடிக்கவில்லை.

திரும்பி வரும்போது காரில், "இனி யோசிச்சுத்தான் குடுக்க வேணும்" என்றார்.

"ஏன்? அவ திறமாச் செய்தால் குடுக்கத்தானே வேணும்."

"நூறு பேருக்குள்ள நாங்கள் ரெண்டு தமிழ். உனக்கு விளங்காது."

எனக்கு நன்றாகவே விளங்கியது. இந்த நாட்டில் ஒரு நிறத்து ஆள் மற்றவருக்கு நல்லது செய்தால் அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைக் கேட்கக்கூடாது என்று அக்கா தீர்மானித்துவிட்டார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். அக்கா மூடப் பார்த்தார்.

அதற்குப் பிறகு கல்யாணியின் குதிரை ஏழு தடவை அக்காவின் மேசைக்கு வந்தது. ஏழு தடவையும் நீலம். மூன்றாவது, நாலாவது என்று இறக்கியிருந்தால்கூடத் தீர்ப்பு என்று சொல்லலாம். அதற்கு அக்காவின் மனம் விடவில்லை. முதலாவதைக் கொடுக்கப் பயம், கீழே இறக்க வெட்கம், ஆகவே எப்போதும் இரண்டாவது. கல்யாணியின் கையைக் கண்டதும் ரோர்ச் அந்தக் குதிரையில் கொஞ்சம் குறைவாக நிற்கும். மூன்றாவது நீலத்தில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. தெரிந்தும் ஏழு இலக்கத்தையும் எழுதினவள் நான். அக்காவை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

ஏழாவது, தலையை நிமிர்த்தி நிற்கும் ஒரு கறுப்புக் குதிரை. அது 2022 இலையுதிர்காலம். எல்லாம் முடிந்து மேசைகளை மடிக்கும்போது கல்யாணி அந்த நீலத்தைக் கையில் பிடித்தபடி வந்தார்.

"அக்கா, கோபமில்லாம கேக்கிறேன். இதுல என்ன குறை? சொன்னீங்கன்னா திருத்திக்குவேன்."

அக்கா குதிரையைப் பார்த்தார். குறை இருக்கவில்லை. அது எனக்கே தெரிந்தது. இல்லை என்று சொன்னால், பிறகு ஏன் நீலம் என்ற கேள்வி வரும். அக்கா குனிந்து, முன் வலக்காலைக் காட்டி, "முழங்காலுக்குக் கீழ ஒரு நூலளவு நீளம்" என்றார்.

கல்யாணி நன்றி சொன்னார். குதிரையைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போனார். அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. அக்கா இரண்டு தடவை அழைத்தார், மறுமுனையில் ஒருவரும் எடுக்கவில்லை. மூன்றாம் தடவை அழைக்க அவருக்குத் துணிவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும். கல்யாணி கண்காட்சிக்கும் வராமல் விட்டார். இரண்டு வருடம் அப்படியே போனது.

சென்ற வருட ஒக்ரோபரில் ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில் கண்காட்சி. வர முடியாதவர்களின் குதிரைகளை வேறு ஒருவர் கொண்டுவந்து வைப்பது இங்கே வழக்கம். பிறம்ரன் பக்கத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண் நாலு பேரின் குதிரைகளைப் பெட்டிகளில் கொண்டுவந்திருந்தார். அவற்றில் ஒன்று வயதான சாம்பல் நிறப் பெண்குதிரை. முதுகு கொஞ்சம் இறங்கி, ஒரு பின்காலை நுனிக் குளம்பில் ஆறவிட்டு, கண்ணைப் பாதி மூடி நின்றது. மயிர்க் கீறல்கள் நேராக இல்லை. ஆனால் அந்த உடம்பின் முழுப் பாரமும் மூன்று காலில் இறங்கியிருப்பது பார்த்தவுடன் தெரிந்தது.

அக்கா அதற்கு முன்னால் முழந்தாளிட்டவர் எழும்பவே இல்லை. நான் மணிக்கூட்டைப் பார்த்தேன், ஆறு நிமிடம். எழும்பும்போது அவர் முகம் தெளிந்திருந்தது.

"இந்தக் கை எனக்குத் தெரியேல்லை, ராஜி. ஆரோ புது ஆள்" என்று மெல்லச் சொன்னார். எவ்வளவோ காலத்துக்குப் பிறகு பயமில்லாமல் பார்த்த சந்தோசம் அதில் இருந்தது. சிவப்பை வைத்தார். பின்னேரம் எல்லாப் பிரிவின் முதலாவதுகளையும் ஒன்றாக வைத்தபோது, பெரிய பரிசையும் அதற்கே கொடுத்தார்.

ஒலிபெருக்கியில் இலக்கத்தை வாசித்து, பிறகு பெயரை வாசித்தார்கள். கல்யாணி சுந்தர், பிறம்ரன்.

அக்கா கதிரையில் இருந்துவிட்டார். காரில் ஏறினதும்தான் வாய் திறந்தார். "என்னைச் சோதிச்சுப் பாத்திருக்கிறா. கையை மாத்திச் செய்து, வேற ஆளிட்டக் குடுத்துவிட்டு... என்னை அவமானப்படுத்தத்தானே?"

எனக்கும் பொறுமை ஒரு அளவுதான். "சோதிச்சாவோ இல்லையோ, நீங்கள் தோத்திட்டியள் அக்கா. அவவின்ர எண்டு தெரிஞ்ச ஏழும் நீலம். தெரியாத ஒண்டு சிவப்பு. நானும்தான் தோத்தனான், எழுதினது நான்" என்றேன். அக்கா வீட்டு வாசலில் இறங்கும்போது, "நாளைக்குப் பூசை முடிய என்னைப் பிறம்ரனுக்குக் கொண்டுபோவியோ?" என்று கேட்டார். ரிபனும் பரிசும் அந்த வெள்ளைக்காரப் பெண்ணிடமிருந்து அக்கா கேட்டு வாங்கின பையில் இருந்தன.

கதவைத் திறந்தவர் கல்யாணியின் கணவர் சுந்தர். உள்ளே கூட்டிக்கொண்டு போனார். கல்யாணி யன்னலோரம் கதிரையில் இருந்தார். வலக்கை மடியில் கிடந்தது. அது அவருடைய கையாகவே இல்லை, யாரோ வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரிக் கிடந்தது.

"வாங்கக்கா. போன வருஷம் ஏப்ரல்ல ஸ்ட்ரோக்" என்றார். சொல் கொஞ்சம் இழுத்து வந்தது. "இப்ப பரவாயில்லை. இடது கையால ஒரு குதிரை பண்ணினேன். பதினோரு மாசம் ஆச்சு."

அக்கா நின்ற இடத்திலேயே நின்றார். கையை மாற்றிச் செய்தாள் என்று முதல்நாள் சொன்னது அவர்தான். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை, கல்யாணி?"

"சொன்னா பாவம்னு முதல் குடுத்துடுவீங்களோன்னு பயம். அதான் சத்தமில்லாம அனுப்பினேன்." கல்யாணி சிரித்தார், வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. "அப்படிக் குடுக்க மாட்டீங்க, எனக்குத் தெரியும். மூஞ்சியப் பாக்காம சொல்றது அங்க நீங்க ஒருத்தர்தான். ஏழு தடவை நீலம் குடுத்தவங்க இதுக்குச் சிவப்பு குடுத்தா, அது நிஜமான சிவப்பு."

திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். அக்கா பையைத் தரையில் வைத்தார்.

கல்யாணி சுந்தரிடம் அலுமாரியைக் காட்டினார். அவர் அந்தக் கறுப்புக் குதிரையை எடுத்து வந்தார். மேசையில் வைத்தவர் கையை எடுக்கவில்லை, எடுத்தால் அது விழும். ஒரு புத்தகத்தை முட்டுக்கொடுத்தார்.

"நீங்க சொன்ன காலைத் திருத்தினேன். அளந்து பாத்தேன், அளவு சரியாத்தான் வந்துச்சு. மூணு தடவை அளந்தேன். ஆனா என் அளவைவிட உங்க கண்ணை நம்பினேன். வெட்டி ஒரு நூல் குறைச்சேன். அப்புறம் நிக்க மாட்டேங்குது. எங்க தப்புப் பண்ணினேன்னு தெரியல, அந்த வெக்கத்துலதான் போனை எடுக்கல. மறுபடி பண்ணலாம்னு பாத்தா கை போயிடுச்சு."

அக்கா தரையில் முழந்தாளிட்டார். தீர்ப்புச் சொல்லும்போது இடுகிற அதே முழந்தாள்தான். அந்தக் காலைப் பார்த்தார்.

"நீளம் இல்லை" என்றார். "அண்டைக்கும் நீளமில்லை. உம்மட குதிரையில ஒரு குறையும் இருக்கேல்லை, கல்யாணி. நான் பொய் சொன்னனான். உமக்கு முதலாவது குடுத்தால் எங்கட ஆளுக்குக் குடுத்திட்டா எண்டு சொல்லுவினமெண்டு பயம். ஏழு தரமும் அந்தப் பயம்தான். ஏழிலை குறைஞ்சது அஞ்சு சிவப்பு வாங்க வேண்டினது."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதைத்தான். யாரோ ஒருத்தி கோப்பி வரிசையில் சொன்ன சொல்லுக்கு, பிறம்ரனில் ஒரு குதிரையின் கால் போனது.

கல்யாணியின் முகம் சிவந்தது. இடக்கை கதிரைப் பிடியை இறுக்கியது. "எனக்குக் கோபம் வருதுக்கா. ரொம்பக் கோபம். நல்ல கை இருந்தப்போ நான் எப்படிப் பண்ணினேன்னு எனக்கே தெரியாமப் பண்ணிட்டீங்க. இனிமே அந்தக் கை வராது." பிறகு சுந்தரைப் பார்த்து, "அந்த நீலத்தையெல்லாம் எடுத்துக் குடுங்க" என்றார். ஏழு ரிபனும் ஒரு பிளாஸ்டிக் உறையில் வந்தன. "இது எனக்கு வேண்டாம். சிவப்பை மட்டும் வச்சுட்டுப் போங்க."

அக்கா உறையை வாங்கிக் கோட்டுப் பைக்குள் வைத்தார். எழும்பாமலே, "இந்தக் காலை நான் வைச்சுத் தாறன். என்ர கையால சரியா வைச்சுத் தாறன்" என்றார். கெஞ்சினார் என்றுதான் எழுத வேண்டும்.

கல்யாணி கறுப்புக் குதிரையைப் பார்த்தார். பிறகு, "வேண்டாம்" என்றார். "நீங்க தொட்டுட்டா அப்புறம் இதுக்கு நீங்க தீர்ப்புச் சொல்ல முடியாது. நானே வைக்கிறேன், இந்தக் கையால. ஏப்ரல் ஷோவுக்குக் கொண்டு வருவேன். யாரோடதுன்னு தெரிஞ்சே பாருங்க."

அந்தக் குளிர்காலம் முழுக்க அக்கா லாபில் என்னோடு அதிகம் கதைக்கவில்லை. நீல ரிபன்கள் அவர் மேசையின் இழுப்பு லாச்சியில், தூரிகைகளுக்குப் பக்கத்தில் இருந்தன. எனக்கு ஒரு பயம் இருந்தது. முன்னர் ஊருக்குப் பயந்து நீலம் கொடுத்தவர், இப்போது தன் மனச்சாட்சிக்குப் பயந்து சிவப்பைக் கொடுத்துவிடுவார். அதுவும் பொய்தானே. அதை அவரிடம் நான் சொல்லவில்லை. சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஏப்ரலில் கல்யாணி பொல்லை ஊன்றிக்கொண்டு வந்தார். கறுப்புக் குதிரையைச் சுந்தர் மேசையில் வைத்தார். முட்டு இல்லாமல் நின்றது. கல்யாணி சுவரோரம் போய் நின்றார். பதினாலு குதிரைகள். அக்கா வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்து, கறுப்புக் குதிரைக்கு முன்னால் முழந்தாளிட்டு, ரோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தார். இந்தமுறை வெளிச்சம் அதில் குறைவாக நிற்கவில்லை. முன் வலக்காலில் வெகுநேரம் நின்றது. ரிபன்கள் அவருடைய இடக்கையில் இருந்தன. அவர் சிவப்பைத் தொட்டதை நான் கண்டேன். என் பேனை நின்றுவிட்டது.

அக்கா எழும்பி மூன்று குதிரை தள்ளிப்போய், ஒரு தவிட்டு நிறக் குட்டிக்குச் சிவப்பை வைத்தார். நீலம் வேறொன்றுக்கு. திரும்பி வந்து கறுப்புக் குதிரைக்கு முன்னால் வெள்ளையை வைத்தார். மூன்றாவது. நான் இலக்கத்தை எழுதினேன்.

கேட்கிறவர்களுக்கு நடுவர் ஒரு அட்டையில் குறையை எழுதிக் கொடுக்கலாம். கல்யாணி கேட்டார். அக்கா எழுதினார்: முன் வலது முழங்கால் ஒரு நெல்லளவு உட்பக்கம் திரும்பியிருக்கிறது. அட்டையைக் கொடுத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். தூக்குத் தீர்ப்புக்குக் காத்திருக்கிறவர் மாதிரி நின்றது கல்யாணி அல்ல, அக்காதான்.

கல்யாணி பொல்லைச் சுந்தரிடம் கொடுத்தார். மேசையைப் பிடித்து மெல்ல மெல்லக் குனிந்து, கண்ணைக் குதிரையின் மட்டத்துக்குக் கொண்டுவந்தார். அப்படியே நின்று பார்த்தார்.

"ஆமா" என்றார். "ஆமாக்கா, திரும்பித்தான் இருக்கு."

நிமிர்ந்ததும், இடக்கையால் வெள்ளை ரிபனை எடுத்துத் தன் கோட்டில் குத்தத் தொடங்கினார். ஊசி வழுக்கிக்கொண்டே போனது. சுந்தர் கை நீட்ட, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அக்கா அழுதுகொண்டு நின்றார். நாலு தரம் வழுக்கி ஐந்தாம் தரம் ஊசி ஏறியது. ஏழு நீலத்தில் ஒன்றைக்கூடக் கல்யாணி குத்தி நான் கண்டதில்லை.